உயரமான வேலி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பழைய சாலையோரம் நான் மாலையில் உட்காரும் கடையில் இரண்டு தொலைக்காட்சிகள் இருக்கின்றன. கல்லாவுக்கு மேலே இருப்பது சின்னது. செய்தியும் தமிழ்த் தொடரும் அதில் ஓடும். வாசல் பக்கம் இருப்பது பெரியது. வாரக் கடைசி இரவுகளில் மட்டும் கண் விழிக்கும். இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குக் கோடையில் இரவு பத்து மணி, குளிர்காலத்தில் பதினொன்று. செம்பனைக் குலை வெட்டும் பையன்கள், லாரி ஓட்டுநர்கள், தாமான் வீடுகளில் குடியேறிவிட்ட பழைய தோட்ட லயத்துக்காரர்கள் என்று நாற்காலி போதாமல் போகும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை பெரிய திரை இருண்டு கிடந்தது. பழுதா என்று கேட்டேன். கடைக்காரப் பாய் கல்லாப் பெட்டியின் அடியிலிருந்து மடித்து வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினார். வழக்கறிஞர் அலுவலகக் கடிதம். வீட்டுக்கென்று சந்தா கட்டிய பெட்டியைக் கடையில் வைத்து வாடிக்கையாளருக்குக் காட்டியது ஒப்பந்த மீறல், பதிப்புரிமை மீறல், இத்தனை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று ஆங்கிலத்தில் நீண்டது. நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக முப்பது ஆண்டு நின்றவன் என்பதால் ஊரில் இந்த மாதிரித் தாள்கள் எப்படியும் என் மேசைக்கு வந்துவிடும்.

"ஐயா, பெட்டி என்னுடையது. மாதாமாதம் காசு கட்டுகிறேன். ஓடுகிறவன் இங்கிலாந்தில் ஓடுகிறான். ஆட்டம் இவர்களுக்கு எப்படிச் சொந்தமானது?" என்று பாய் கேட்டார்.

அவருக்கு அன்று நான் சொன்ன பதில் பாதிதான். கடிதத்தை மொழிபெயர்த்துக் கொடுத்தேன்; கேள்விக்கு விடை சொல்லவில்லை. அது சின்னக் கேள்வி இல்லை. சிட்னி முதல் இலண்டன் வரை, புதுடில்லி முதல் லாஸ் ஏஞ்சலஸ் வரை நீதிபதிகள் அதைத்தான் வெவ்வேறு உடுப்பில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் படித்துப் புரிந்துகொண்டவரை, சட்டத்தின் கண்ணில் ஆட்டத்துக்கு உரிமையாளன் என்று ஒருவன் இல்லை. வேலிக்குத்தான் உரிமையாளன் உண்டு.

வேலி என்றதும் எனக்கு எங்கள் பழைய திடல் நினைவுக்கு வருகிறது. 1970களில் பெரிய ஆட்டம் என்றால் திடலைச் சுற்றித் தகரம் அடைத்துவிடுவார்கள். உள்ளே போக ஐம்பது காசு. அந்தக் காசு இல்லாத பிள்ளைகளுக்குத் தகரத்துக்கு அப்பால் கித்தா (ரப்பர்) மரங்கள் இருந்தன. கிளை வழுக்கும், பால் காய்ந்த பிசுக்கு சட்டையில் ஒட்டினால் போகாது, ஆனால் கோல் கம்பம் இரண்டும் தெரியும். தேசிய அணிக் கோல் காவலர் 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகத்தைப் போலப் பாய்ந்து பந்தைப் பிடிப்பதாக ஒருவன் கிளையிலிருந்தே கையை விட்டு விழுந்ததும் உண்டு. டிக்கெட் கிழிப்பவர் கீழே வந்து கத்துவார். மரம் தோட்டத்து மரம். அவரால் ஏற முடியாது, எங்களை இறக்கவும் முடியாது. அவருக்கும் எங்களுக்கும் நடந்தது ஒரு பெரிய வழக்கு என்பது அப்போது தெரியாது.

அந்த வழக்கு எங்களுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஆஸ்திரேலியாவில் நடந்து முடிந்திருந்தது. சிட்னியில் விக்டோரியா பார்க் என்று ஒரு குதிரைப் பந்தயத் திடல். அதற்கு எதிரே டெய்லர் என்பவரின் வீடு. அவர் தம் நிலத்தில் மரத்தாலான உயரமான மேடை ஒன்றைக் கட்டவிட்டார். ஒரு வானொலி வர்ணனையாளர் அதில் ஏறி நின்று, வேலிக்கு மேலாக உள்ளே பார்த்து, எந்தக் குதிரை முந்துகிறது, எது ஓடவில்லை, எது வென்றது என்று நேரடியாகச் சொல்வார். பந்தயக்காரர்கள் திடலுக்கு வந்து டிக்கெட் வாங்குவதை விட்டுவிட்டு வானொலிப் பெட்டியருகே உட்கார்ந்துகொண்டார்கள். வருமானம் போகிறது என்று திடல் நிறுவனம் வழக்குப் போட்டது.

1937இல் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் மூவர் திடல்காரருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். ஒரு காட்சியை யாரும் சொத்தாக வைத்துக்கொள்ள முடியாது. அடுத்தவர் வேலிக்கு மேல் பார்ப்பது குற்றமில்லை. பார்க்கக் கூடாது என்றால் வேலியை இன்னும் உயர்த்திக்கொள்ளட்டும் என்றார் தலைமை நீதிபதி லாதம். கித்தா மரத்தில் இருந்த எங்கள் கட்சிக்கு இதைவிட நல்ல தீர்ப்புக் கிடைத்திருக்காது. மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய இருவரில் ஒருவரான நீதிபதி ரிச் ஒரு விஷயத்தை முன்கூட்டியே கண்டுகொண்டார். தொலைக்காட்சி வரப்போகிறது, அதனால் நாம் இன்று சொல்லும் தீர்ப்பு மிக முக்கியமானது என்று அவர் குறிப்பிட்டார். தொலைக்காட்சிப் பெட்டியை வீட்டில் வைத்திருந்தவர்களை உலகம் முழுவதும் சேர்த்தாலும் ஒரு சிற்றூர் அளவுக்குத்தான் இருந்திருப்பார்கள், அந்த ஆண்டில்.

வேலியை உயர்த்திக்கொள்ளுங்கள் என்ற அந்த ஒரு வரியை விளையாட்டு உலகம் வேதவாக்காக எடுத்துக்கொண்டது என்றே சொல்வேன். ஆட்டம் சொத்தாகாது என்றால், ஆட்டத்தைச் சுற்றி இருப்பவற்றைச் சொத்தாக்கலாம் அல்லவா? முதல் வேலி வாசல்: திடலுக்குள் கேமராவோடு யார் நுழையலாம் என்று திடல்காரன் முடிவு செய்கிறான். இரண்டாவது, கேமரா எடுத்த படம். அதை எடுத்தவனுக்குப் பதிப்புரிமை. மூன்றாவது ஒப்பந்தம். இந்த நாட்டுக்கு இவர் மட்டும், அந்த நாட்டுக்கு அவர் மட்டும் என்று உலகை வெட்டிக் கூறு போட்டு விற்பது. நான்காவது பூட்டு: சமிக்ஞையைக் குழப்பி அனுப்பி, பெட்டியும் அட்டையும் உள்ளவனுக்கு மட்டும் திறந்து காட்டுவது. 1992இல் தொடங்கிய இங்கிலாந்து பிரீமியர் லீக் இந்த நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பணமாக்கிக் காட்டியது. வாங்குகிறவன் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி ஆட்டத்துக்கான விலையே இல்லை. பக்கத்துக் கடையில் அது கிடைக்காது என்பதற்கான விலை.

பாயின் கடிதம் மூன்றாவது வேலியைப் பற்றியது. வீட்டுச் சந்தா எடுக்கும்போது நாம் படிக்காமல் கையெழுத்துப் போடும் தாளில், இது வீட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று இருக்கும். கடைக்கு வேறு சந்தா, வேறு விலை, நன்றாகவே கூடுதல். நியாயம் என்ன என்று கேட்டால் ஒளிபரப்பாளர் சொல்வார்: வீட்டில் நால்வர் பார்க்கிறார்கள், உங்கள் கடையில் நாற்பது பேர் பார்த்தபடி சாப்பிடுகிறார்கள், அந்த வியாபாரத்தில் எங்களுக்கும் பங்கு வேண்டும். பாய் சொல்வார்: நான் நுழைவுக் கட்டணமா வாங்குகிறேன்? இந்த வாதம் வெறும் வாய்ச்சவடால் இல்லை. ஒளிபரப்பாளர் உரிமைகளையும் சேர்த்து 1961இல் ரோம் நகரில் எழுதப்பட்ட பன்னாட்டு ஒப்பந்தம், பொது இடத்தில் தொலைக்காட்சி காட்டுவதைத் தடுக்கும் உரிமையை நுழைவுக் கட்டணம் வாங்கும் இடங்களோடுதான் இணைத்துப் பேசுகிறது. கொட்டகையில் டிக்கெட் போட்டுக் காட்டுவதைத்தான் அன்று அவர்கள் மனத்தில் வைத்திருந்தார்கள். ரொட்டி சானாய் விற்கும் கடை அவர்கள் கற்பனைக்குள் வரவில்லை. ஆனால் சந்தா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் ரோமுக்கு ஓடி ஒளிய முடியாது.

பாய் கேட்ட கேள்வியை ஐரோப்பாவின் மிக உயர்ந்த நீதிமன்றம் வரை இழுத்துச் சென்றவரும் ஒரு கடைக்காரர்தான். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரில் சவுத்சீ என்னும் பகுதியில் மதுக்கடை நடத்திய கரன் மர்ஃபி. உள்நாட்டில் கடைகளுக்கான சந்தா அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. கிரேக்க நாட்டு ஒளிபரப்பு நிறுவனத்தின் அட்டையை வாங்கிப் பெட்டியில் செருகினார். அது எத்தனையோ மடங்கு மலிவு. அதில் இன்னொரு வசதியும் இருந்தது. சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி ஆட்டங்களை இங்கிலாந்துக்குள் நேரடியாகக் காட்டுவதில்லை. மக்கள் திடலுக்கு வரட்டும் என்பதற்காக வைத்த பழைய கட்டுப்பாடு. உலகம் முழுவதும் பார்க்கும் ஆட்டத்தை அது நடக்கும் ஊர்க்காரன் பார்க்க முடியாது. கிரேக்க அட்டையில் அந்தத் தடை இல்லை. வர்ணனை கிரேக்க மொழியில் இருந்தால் என்ன, பந்துக்கு மொழியா இருக்கிறது?

அவர் மீது குற்ற வழக்குப் பாய்ந்தது. ஏறத்தாழ 8,000 பவுண்டு அபராதமும் செலவுத் தொகையும் விதிக்கப்பட்டன. அவர் விடவில்லை. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போய் 2011 அக்டோபர் 4 அன்று தீர்ப்பு வந்தது. அதை நான் இரண்டு முறை படித்தேன். சட்டத் தீர்ப்பில் இவ்வளவு நகைச்சுவை ஒளிந்திருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

ஆட்டத்துக்குப் பதிப்புரிமை கிடையாது என்றது நீதிமன்றம். பதிப்புரிமை என்பது ஒருவர் தம் அறிவாலும் கற்பனையாலும் சுதந்திரமாகப் படைத்த ஒன்றுக்கு உரியது. காற்பந்து விதிகளுக்குக் கட்டுப்பட்டு நடப்பது, படைப்புச் சுதந்திரத்துக்கு அங்கே இடமில்லை என்பது காரணம். மரடோனாவைப் பார்த்தவர்கள் இதை ஏற்பார்களா என்பது வேறு விஷயம். ஒரு நாட்டில் முறையாகக் காசு கொடுத்து வாங்கிய அட்டையை, இங்கிலாந்தும் அப்போது இருந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் இன்னொரு நாட்டில் பயன்படுத்தக் கூடாது என்று தடுப்பது ஒரே சந்தை என்ற அடிப்படைக்கே விரோதம் என்றும் சொன்னது. இதுவரை மர்ஃபிக்கு வெற்றி. அதற்குப் பிறகு ஒரு கொக்கி. ஆட்டத்துக்கு முன்னால் வரும் தொடக்கக் காட்சி, பிரீமியர் லீகின் கீதம், முன்பு எடுத்த சிறப்புக் காட்சிகள், திரையில் வரும் வரைகலை இவையெல்லாம் படைப்புகள். இவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு. மதுக்கடையில் வாடிக்கையாளருக்கு இவற்றைக் காட்ட அனுமதி வேண்டும்.

அதாவது பதினோரு பேர் பதினோரு பேரோடு வியர்வை சிந்தி ஓடுவது யாருக்கும் சொந்தமில்லை. திரையின் மூலையில் சுழலும் லீகின் சிங்கச் சின்னம் சொந்தம்.

இதைச் சொன்னபோது பாய் நெடுநேரம் யோசித்தார். "அப்படியானால் பாட்டு வரும்போது அணைத்துவிட்டு, ஆட்டம் தொடங்கியதும் போட்டால் சரியா?"

"மூலையில் இருக்கும் சின்னத்தை என்ன செய்வீர்கள்?"

"வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு இருக்கிறது."

மர்ஃபியின் தண்டனையை இலண்டன் உயர்நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் நீக்கியது. அவர் வென்றார், மற்ற கடைக்காரர்களுக்குப் பாதை முழுவதும் திறந்துவிடவில்லை. கீதமும் சின்னமும் திரையை விட்டுப் போகாதவரை வேலி நிற்கிறது. நமக்கு அந்த முதல் பாதி வெற்றியும் பொருந்தாது. ஐரோப்பாவுக்கு இருக்கும் ஒரே சந்தை என்ற ஏற்பாடு சுங்கை சிப்புட்டுக்கும் ஏதென்ஸுக்கும் இடையில் இல்லை.

இந்தியாவில் இதே சண்டை வேறு திசையிலிருந்து கிளம்பியது. அங்கே முதலில் வேலி போட்டிருந்தது அரசு. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம், வெள்ளைக்காரன் தந்திக் கம்பிக்காக எழுதியது, செய்தி அனுப்பும் தனியுரிமையை அரசுக்குக் கொடுத்திருந்தது. நூறாண்டு கழித்தும் வானில் படம் அனுப்ப அரசின் அனுமதி வேண்டும், காட்ட தூர்தர்ஷன் வேண்டும் என்று அதே சட்டத்தை நீட்டிக்கொண்டார்கள். 1993இல் வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஹீரோ கோப்பை போட்டியை நடத்தியபோது ஒளிபரப்பு உரிமையை டி.டபிள்யு.ஐ. என்ற வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றது. தூர்தர்ஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்த நிறுவனத்தின் கருவிகள் சுங்கத் துறையிடம் சிக்கின. போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே கல்கத்தா உயர்நீதிமன்றம், உச்சநீதிமன்றம் என்று இடைக்கால உத்தரவுகள் பறந்தன. ஈடன் தோட்டத்தில் நடந்த அரையிறுதியில் கடைசி ஓவரைச் சச்சின் டெண்டுல்கர் வீசி, தென்னாப்பிரிக்காவுக்கு ஆறு ஓட்டம் தேவைப்பட்ட இடத்தில் மூன்று மட்டும் கொடுத்து வென்று தந்ததை இன்றும் பேசுகிறார்கள். அந்தப் போட்டி வீடுகளுக்கு வந்ததற்குப் பின்னால் இத்தனை வழக்குத் தாள்கள் இருந்ததை யாரும் பேசுவதில்லை.

1995 பிப்ரவரி 9 அன்று வந்த உச்சநீதிமன்றத் தீர்ப்பு கிரிக்கெட்டை விட்டு வெகுதூரம் போய்விட்டது. வான் அலைகள் மக்களின் பொதுச் சொத்து; அரசு தன் ஏகபோகமாக வைத்துக்கொள்ள முடியாது; அதற்காகத் தனியாரின் ஏகபோகமாகவும் விட்டுவிட முடியாது; சுதந்திரமான ஓர் அமைப்பு அதை ஒழுங்குபடுத்த வேண்டும் என்றது. சாவந்த், மோகன், ஜீவன் ரெட்டி ஆகியோர் அந்த அமர்வின் நீதிபதிகள். பார்ப்பதும் தெரிந்துகொள்வதும் கருத்துச் சுதந்திரத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு பார்வையாளனை முதன்முறையாக வழக்குக்குள் கொண்டுவந்தது. சிட்னி வழக்கில் மேடைக்காரனும் திடல்காரனும்தான் பேசினார்கள். வானொலிப் பெட்டியருகே உட்கார்ந்தவனை யாரும் கேட்கவில்லை.

பார்வையாளன் வந்தபிறகு சிக்கல் குறையவில்லை. 2004இல் இந்திய அணி பாகிஸ்தானுக்குப் போனபோது உரிமை டென் ஸ்போர்ட்ஸ் என்ற கட்டணத் தொலைக்காட்சியிடம் இருந்தது. கேபிள் இல்லாத வீடுகளின் கதி என்ன என்று சென்னை உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார்கள். தூர்தர்ஷனுக்கும் படம் கொடு என்று உத்தரவு வந்தது. உச்சநீதிமன்றம் அதில் தலையிட்டு, டென் ஸ்போர்ட்ஸின் சின்னத்தோடும் விளம்பரங்களோடும் காட்ட வேண்டும், 50 கோடி ரூபாயை வைப்பாகக் கட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டது. 2007 தொடக்கத்தில் இன்னொரு உரிமைதாரருடன் தகராறு வந்தபோது டில்லி உயர்நீதிமன்றம் கண்டுபிடித்த வழி வேடிக்கையானது: தூர்தர்ஷன் ஏழு நிமிடம் தாமதித்துக் காட்டலாம். பக்கத்து வீட்டில் கேபிள் இருந்தால் அங்கே கைதட்டல் கேட்ட ஏழு நிமிடம் கழித்து நம் வீட்டில் விக்கெட் விழும். அந்தச் சங்கடம் அதிக நாள் நீடிக்கவில்லை. அதே ஆண்டு ஒரு சட்டமே வந்துவிட்டது: தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களின் சமிக்ஞையைத் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும், தொலைக்காட்சி விளம்பர வருமானத்தில் 75 விழுக்காடு உரிமைதாரருக்கு, 25 விழுக்காடு பொது ஒளிபரப்புக்கு. அதையும் எதிர்த்து வழக்கு. 2017இல் உச்சநீதிமன்றம், அந்தப் பகிர்ந்த படத்தைத் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும் இலவச டிஷ்ஷிலும் காட்டலாம், தனியார் கேபிள் வழியே ஓட விடக் கூடாது என்று எல்லை போட்டது. காசு கட்டிப் பார்ப்பவனுக்கும் இலவசமாகப் பார்ப்பவனுக்கும் நடுவில் சட்டம் இழுத்த கோடு இது. எனக்கு இது ஓரளவு நியாயமாகவே படுகிறது.

ஆட்டக்காரர்களும் இந்த வழக்குகளில் சில சமயம் பந்தாக உருட்டப்பட்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் கெரி பேக்கர் என்ற தொலைக்காட்சி முதலாளி கிரிக்கெட் உரிமைக்கு நல்ல விலை கொடுக்க முன்வந்தும் வாரியம் பழைய அரசு ஒளிபரப்புக்கே கொடுத்தது. அவர் ஆட்டக்காரர்களையே விலைக்கு வாங்கித் தனிப் போட்டி தொடங்கினார். அவர்களைத் தடை செய்யப் போனார்கள் கிரிக்கெட் ஆட்சியாளர்கள். டோனி கிரேக் முதலானோர் தொடுத்த வழக்கில் 1977 நவம்பரில் இலண்டன் நீதிபதி ஸ்லேட், பிழைப்பைத் தடுக்கும் அந்தத் தடை செல்லாது என்று தீர்த்தார். வெள்ளை உடை வண்ண உடையானதற்கும் இரவு ஆட்டம் வழக்கமானதற்கும் அந்த ஒளிபரப்புச் சண்டையே வாசல்.

வேலிக்காரன் ஒருவனே என்றால் விலை அவன் வைத்ததுதான் என்ற கவலை இன்னொரு வரிசை வழக்குகளைக் கிளப்புகிறது. பிரீமியர் லீக் எல்லா ஆட்டங்களையும் ஒரே நிறுவனத்துக்கு விற்கக் கூடாது என்று ஐரோப்பிய ஆணையம் நெருக்கி, 2007 முதல் உரிமையைத் துண்டு துண்டாக விற்க வைத்தது. போட்டி வந்தால் விலை குறையும் என்று நினைத்தார்கள். நடந்தது என்னவென்றால், முன்பு ஒரு சந்தா கட்டியவன் எல்லா ஆட்டமும் வேண்டுமானால் இரண்டு கட்ட வேண்டியதாயிற்று. சந்தைப் பாடநூலில் இதற்குத் தனி அத்தியாயம் போட வேண்டும். நம் அண்டை வீட்டில், இந்தோனேசியாவில், நம் நாட்டுக் கட்டணத் தொலைக்காட்சியான ஆஸ்ட்ரோ குழுமத்தோடு தொடர்புடைய நிறுவனத்துக்குப் பிரீமியர் லீக் உரிமை தனியாகப் போனதை எதிர்த்துப் போட்டி நிறுவனங்கள் முறையிட, அந்நாட்டுப் போட்டிக் கண்காணிப்பு ஆணையம் 2008இல் அந்த ஏற்பாட்டைச் சட்டமீறல் என்றது.

அமெரிக்காவில் இதையும் தொடங்கி வைத்தது ஒரு மதுக்கடை. சான் பிரான்சிஸ்கோவின் மக்கி டக் என்ற கடை 2015இல், அமெரிக்கக் காற்பந்து லீக் (என்.எஃப்.எல்.) தன் ஞாயிற்றுக்கிழமை வெளியூர் ஆட்டங்களை ஒரே நிறுவனத்திடம் ஒரே பொதியாகக் கட்டி விலை ஏற்றுகிறது என்று வழக்குப் போட்டது. வீட்டுச் சந்தாதாரர்களும் சேர்ந்துகொண்டார்கள். 2024 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் நடுவர் குழு ஏறத்தாழ 470 கோடி டாலர் இழப்பீடு என்றது. அந்நாட்டுச் சட்டப்படி அது மூன்று மடங்காகும். ஆகஸ்ட் முதல் நாள் நீதிபதி, இழப்பைக் கணக்கிட்ட முறை சரியில்லை என்று முழுவதையும் தள்ளுபடி செய்தார். ஒன்பது ஆண்டு நடந்த வழக்கில் வெற்றி ஐந்து வாரம் இருந்தது.

நம் நாட்டில் அதிகம் பேசப்படாத கதை, வாங்கியவனே கவிழ்ந்துபோவது. 2015இல் மலேசியக் காற்பந்து லீகின் உரிமையை எம்.பி. அண்ட் சில்வா என்ற பன்னாட்டு நிறுவனம் 15 ஆண்டுக்கு 126 கோடி வெள்ளி (ரிங்கிட்) என்று ஏற்றுக்கொண்டபோது நம் மாநில அணிகளுக்கெல்லாம் விடிந்துவிட்டது போல எழுதினார்கள். அந்த ஒப்பந்தம் ஐந்தாண்டுகூட நிற்கவில்லை. உலகெங்கும் கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடுக்க முடியாமல் திணறிய அந்த நிறுவனத்தை, பிரெஞ்சு டென்னிஸ் சங்கத்தின் மனுவின் பேரில் இலண்டன் நீதிமன்றம் 2018 அக்டோபரில் கலைத்துவிட்டது. அதே ஆண்டில் டெலிகோம் மலேசியா எட்டு ஆண்டுக்கு 48 கோடி வெள்ளி என்று வந்தது. அந்த உறவும் 2019இல் முறிந்தது. வழக்குச் செய்திகளில் வருவது நிறுவனங்களின் பெயர்தான். அந்தப் பணத்தை நம்பி ஆட்டக்காரருக்குச் சம்பளம் எழுதிய சங்கங்களின் கணக்கை யாரும் அச்சிடுவதில்லை. சம்பளம் பாக்கி என்ற செய்தியை நம் விளையாட்டுப் பக்கத்தில் எத்தனை முறை படித்துவிட்டோம்.

பாயின் கடை இருண்டிருந்த வாரங்களில் பசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு பையன் அவருக்கு வழி சொன்னானாம். சின்னக் கறுப்புப் பெட்டி, இணையத்தில் சொருகினால் உலகத்து ஆட்டமெல்லாம் வரும், ஒரே ஒரு முறை காசு. பாய் என்னைக் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். பெட்டி விற்பது வெறும் கருவி விற்பது, படத்தை நான் திருடவில்லை என்று வியாபாரிகள் முன்பு வாதாடி வந்தார்கள். அனுமதியில்லாத நிகழ்ச்சிக்கு வழி திறக்கும் பெட்டியை விற்பதே பதிப்புரிமை மீறல் என்று 2021இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2022 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் அதற்கென்றே ஒரு பிரிவைச் சேர்த்தது: குறைந்தது 10,000 வெள்ளியிலிருந்து 2 லட்சம் வெள்ளி வரை அபராதம், அல்லது இருபது ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இருபது ஆண்டு! நான் மொழிபெயர்த்த கொள்ளை வழக்குகள் சிலவற்றில் இதைவிடக் குறைவாகத் தீர்ப்பானதுண்டு. பிரிவின் குறி தயாரிப்பவன், இறக்குமதி செய்பவன், விற்பவன். ஆனாலும் கடையில் நாற்பது பேருக்குக் காட்டுகிறவர் தாம் வெறும் பார்வையாளர் என்று கூண்டில் நின்று சொன்னால் யார் நம்புவார்கள்?

தனி ஆட்கள் மட்டும் வேலி தாண்டுவதில்லை. 2017 ஆகஸ்டில் சவூதியில் பியவுட்கியூ என்ற அலைவரிசை முளைத்தது. கத்தாரின் பீஇன் நிறுவனம் காசு கொடுத்து வாங்கிய ஆட்டங்களை எடுத்துச் சில நொடி தாமதத்தில் தன் சின்னம் போட்டுக் காட்டியது. இரு நாடுகளுக்கும் அப்போது உறவு முறிந்திருந்தது. உரிமைதாரர்கள் சவூதியில் வழக்குப் போட வழக்கறிஞர் தேடி அலைந்தார்கள். வாதாட ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் விஷயம் உலக வணிக அமைப்புக்குப் போனது. 2020 ஜூனில் அதன் குழு சவூதி தன் கடமையைச் செய்யவில்லை என்றது. கித்தா மரத்தில் ஏறியவனைத் திட்ட ஆளுண்டு. மரத்தின் சொந்தக்காரனே ஏணி போட்டுக் கொடுத்தால் புகார் கொடுக்க ஜெனீவா வரை போக வேண்டியிருக்கிறது.

பாய் கடைசியில் கடிதக்காரர்களோடு பேசி முடித்தார். எவ்வளவுக்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கடைக்கான சந்தா எடுத்தார். பெரிய திரை மீண்டும் ஒளிர்கிறது. தே தாரிக் இருபது காசு ஏறியிருக்கிறது. போன சனிக்கிழமை இரவு கூட்டம் நிறைந்திருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடி மூன்று பையன்கள் கழுத்தை நீட்டி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாய் அவர்களைப் பார்த்தார். பிறகு என் பக்கத்து மேசையைக் காட்டினார். ஐந்து பேர், ஆட்டம் தொடங்கும் முன் வாங்கிய இரண்டு கிளாஸ், இடைவேளை தாண்டியும் அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு.

"ஐயா, உள்ளே உட்கார்ந்திருப்பவனைவிட வெளியே நிற்பவனால் எனக்கு நஷ்டம் குறைவு" என்று சொல்லிவிட்டு, மேசை துடைக்கும் துணியோடு அந்த ஐவரிடம் போனார்.